அச்சை நீக்கிய தறி: மோனிகா கொரியாவின் நெசவுக் கலை

மோனிகா கொரியா இந்தியாவின் முதன்மையான டேபஸ்ட்ரி நெசவாளர்களில் ஒருவர். 1938இல் பம்பாயில் பிறந்தவர். நெசவுக் குடும்பத்துப் பெண் இல்லை. கல்லூரியில் படித்தது நுண்ணுயிரியல். 1961இல் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவை மணந்தார். அடுத்த ஆண்டு கணவருடன் அமெரிக்கா சென்ற இடத்தில்தான் தறி அவர் கைக்கு வந்தது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தத் தறியை அவர் விடவில்லை. தறியின் உறுப்புகளிலேயே மிகக் கறாரானது அச்சு. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் நிறுத்துவது அதுதான். நெய்துகொண்டிருக்கும்போதே அந்த அச்சை எடுத்துவிட்டு, பாவைத் தன் போக்கில் நடக்கவிட்டது அவருடைய தனி வழி. அவர் கலை முழுவதும் அதிலிருந்து வளர்ந்தது.

டேபஸ்ட்ரி என்றதும் ஐரோப்பிய அரண்மனைச் சுவர்களில் தொங்கும் வேட்டைக் காட்சிகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அதன் நெசவு அடிப்படை நம் கொங்கு நாட்டுக்குப் புதிதில்லை. பவானியில் ஜமக்காளம் நெய்யும் குழித்தறியில், அகலமான விரிப்பாக இருந்தால், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். குறுக்கு நூலான ஊடையைக் கொண்டுபோகும் நாடாவை ஒருவர் தள்ளிவிட, மற்றவர் வாங்கித் திருப்பி அனுப்புவார். தடித்த பருத்தி ஊடையை நெருக்கி நெருக்கி அடிப்பதால் பாவு முழுக்க உள்ளே மறைந்துபோகும். விரிப்பில் தெரியும் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள் எல்லாமே ஊடையின் நிறங்கள். டேபஸ்ட்ரியும் இப்படி ஊடை மேலோங்கிய நெசவுதான். ஜமக்காளத்தில் ஊடை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஓடும். டேபஸ்ட்ரியில் அப்படி ஓடாது. ஒவ்வொரு நிற நூலும் தனக்குரிய பரப்புக்குள்ளேயே போய்த் திரும்பும். இலை வேண்டிய இடத்தில் பச்சை, அதன் ஓரத்தில் வானம் வேண்டிய இடத்தில் நீலம் என்று ஒரே வரிசையில் பத்து இருபது நூல்கள் தனித்தனியாக வேலை செய்யும். அதனால் படம் துணியின் மேல் ஏறி உட்காருவதில்லை; துணியும் படமும் ஒன்றாகவே பிறக்கின்றன.

இந்தக் கலைக்கு ஐரோப்பாவில் ஒரு பிரிவினை நேர்ந்தது. 1662இல் பிரான்சில் கோபெலின் அரச நெசவுக்கூடம் அமைந்தபோது, ஓவியர் வரைந்து தருவார், நெசவாளர் அதைப் பார்த்து நெய்வார் என்ற ஏற்பாடு அங்கே உறுதிப்பட்டது. எண்ணெய் வண்ணத்தின் ஒவ்வொரு சாயலையும் நூலில் கொண்டுவருவதே நெசவாளரின் திறமை என்றானது. பெயர் ஓவியருக்குப் போயிற்று. நெய்தவர் கைவினைஞர் என்ற அளவில் நின்றார். இந்தப் பிரிவினை தொழிலுக்கு வளம் சேர்த்திருக்கலாம். ஆனால் தறிக்கு என்று இருக்கும் சிந்தனையை, நூலும் அடியும் இழுவையும் சேர்ந்து தாமாகக் காட்டும் வழியை, நெடுங்காலம் அது அடைத்து வைத்தது. இருபதாம் நூற்றாண்டில் அந்த அடைப்பை உடைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அவர்களில் ஆனி ஆல்பர்ஸ் மிகவும் அறியப்பட்டவர். 1899இல் பெர்லினில் பிறந்து, 1922இல் ஜெர்மனியின் பௌஹௌஸ் பள்ளியில் சேர்ந்தார். பெண்களுக்குப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைதான் என்று இருந்த நிலையில், விருப்பமில்லாமல் உள்ளே போனவர் அங்கேயே தன் வாழ்க்கையைக் கண்டுகொண்டார். பழங்காலப் பெரு நாட்டு நெசவாளர்களைத் தன் ஆசிரியர்களாகக் கருதினார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1949இல் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அந்த அருங்காட்சியகம் வைத்த முதல் தனிக் கண்காட்சி அது. தறியில் அமர்ந்தவரே கருத்தும் வடிவமும் தருபவர் என்பதை அது பொதுவெளியில் நிறுத்தியது.

இதே வழியில் ஃபின்லாந்திலிருந்து வந்தவர் மரியான் ஸ்ட்ரெங்கல். 1909இல் பிறந்த அவர், 1937இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள கிரான்புரூக் கலைக் கழகத்தில் நெசவு கற்பிக்கச் சேர்ந்தார். 1942 முதல் 1961 வரை அதன் நெசவுத் துறைக்குத் தலைவராக இருந்தார். கைத்தறியையும் விசைத்தறியையும் எதிரிகளாகப் பார்க்காதவர் அவர். கைத்தறியில் நெய்து பார்த்த மாதிரியிலிருந்து ஆலைத் துணிக்கு வடிவம் எடுப்பது அவர் முறை. நூலின் தன்மையே துணியின் அழகு, மேலே பூவேலை ஏற்றத் தேவையில்லை என்பது அவர் கற்பித்த பாடம். சொரசொரப்பும் வழுவழுப்பும், தடிப்பும் மெலிவும் ஒன்றோடொன்று சேரும்போது என்ன நடக்கிறது என்று மாணவர்களைத் தறியிலேயே சோதித்துப் பார்க்க வைத்தார். கட்டடங்களுக்கும் கார் இருக்கைகளுக்கும் அவர் துணி வடிவமைத்திருக்கிறார்.

1962இல் சார்லஸ் கொரியா அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கற்பிக்கச் சென்றார். உடன் சென்ற மோனிகாவுக்கு ஸ்ட்ரெங்கலின் அறிமுகம் கிடைத்தது. அவரிடம்தான் முதலில் நெசவு பழகினார். ஆய்வுக்கூடப் பழக்கம் கொண்ட ஒருவருக்கு அப்படிப்பட்ட ஆசிரியர் அமைந்தது நல்வாய்ப்பு. ஒரே ஒரு காரணியை மாற்றி மற்றதை அப்படியே வைத்து விளைவைப் பார்ப்பது அறிவியல் படித்தவரின் வழக்கம். பிற்காலத்தில் அவர் அச்சில் கை வைத்ததிலும் அந்தப் புத்தியே தெரிகிறது.

ஸ்ட்ரெங்கலிடம் படித்த இந்தியப் பெண் மோனிகா மட்டுமில்லை. 1932இல் பம்பாயில் பிறந்த நெல்லி சேத்னா, 1958-59இல் கிரான்புரூக்கிலேயே அவரிடம் பயின்று திரும்பியவர். டேபஸ்ட்ரிகள் நெய்ததோடு, கைவினை மீட்பில் முன்நின்ற கமலாதேவி சட்டோபாத்யாயின் ஊக்கத்தில் ஆந்திரத்துத் துணி ஓவியமான கலம்காரியை மீட்கும் பணியிலும் இறங்கினார். 1985இல் கலம்காரி பற்றிய அவரது நூல் வெளிவந்தது, 1992இல் காலமானார். பம்பாய்ப் பெண்கள் இருவருக்கு ஃபின்லாந்து ஆசிரியர் ஒருவர் தறியைக் காட்டிக் கொடுத்த இந்தச் செய்தி, இந்திய நவீனக் கலை வரலாற்றில் இன்னும் பெரிய இடம் பெறவேண்டியது. அந்த வரலாறு பெரும்பாலும் தூரிகை பிடித்த ஆண்களின் கதையாகவே எழுதப்பட்டிருக்கிறது.

பம்பாய் திரும்பிய மோனிகாவுக்கு அடுத்த பள்ளியாக அமைந்தது அங்கிருந்த நெசவாளர் சேவை மையம். அகில இந்தியக் கைத்தறி வாரியம், புபுல் ஜயகரின் முயற்சியில், 1950களின் நடுவிலிருந்து இந்த மையங்களைத் தொடங்கியது. ஆலைத் துணியோடு போட்டியிட முடியாமல் திணறிய கைத்தறிக்குப் புது வடிவங்கள் தேவைப்பட்டன. அதற்காகச் சம்பளத்துக்கு ஓவியர்களை அமர்த்திக்கொண்டார்கள். ஓவியம் வரைந்து வயிறு வளர்க்க முடியாத காலத்தில் பல கலைஞர்களைக் காப்பாற்றிய வேலை அது. சென்னை மையத்தில் ரெட்டப்ப நாயுடு, கே.எம். ஆதிமூலம், டிராட்ஸ்கி மருது ஆகியோர் பணியாற்றியிருக்கிறார்கள். ஓவியர் பிரபாகர் பர்வே வாரணாசி மையத்தில் இருந்தபோது கண்ட தாந்திரிக வடிவங்கள் அவர் ஓவியத்தையே மாற்றின. நெசவாளர்களுக்கு உதவ வந்த ஓவியர்கள் நெசவாளர்களிடமிருந்து பெற்றுக்கொண்டதும் குறைவில்லை.

பம்பாயில் அந்நாளில் கைத்தறி வாரியத்தின் வடிவமைப்புப் பிரிவில் முக்கியப் பொறுப்பில் இருந்தவர் ஓவியர் கே.ஜி. சுப்பிரமணியன்.   1924இல் கேரளத்தின் கூத்துப்பறம்பில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும்போது விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். படிப்பைத் தொடர வழியில்லாமல் 1944இல் சாந்திநிகேதன் போனவர். 1959 முதல் 1961 வரை கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புத் துணை இயக்குநராகவும், அதன்பின் சில ஆண்டுகள் ஆலோசகராகவும் இருந்தார். கலை, கைவினை என்று இரண்டு சாதிகள் இல்லை என்பது அவர் வாழ்நாள் முழுதும் வாதாடிய கருத்து. நாரையும் கயிற்றையும் கொண்டு அவரே சிற்பங்கள் முடைந்தார். நெசவு அழகுக்கலையாக முடியுமா என்ற கேள்வியே எழாத இப்படியொரு சூழலில் மோனிகாவின் கை தேர்ந்தது.

வெளியுலகச் சூழலும் சாதகமாக இருந்தது. 1962இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உலக டேபஸ்ட்ரி ஈராண்டு விழா, அதாவது இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கண்காட்சி, தொடங்கியது. போலந்தின் மக்தலேனா அபகானோவிச் அங்கே முரட்டு நாரில் நெய்த பெரும் பரப்புகளைத் தொங்கவிட்டார். 1969இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் சுவர்த்தொங்கல்களுக்கு என்றே ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. இந்தியாவில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே, சண்டிகர் உயர்நீதிமன்றத்துக்கு ஒன்பது டேபஸ்ட்ரிகளை வடிவமைத்திருந்தார். தலைமை நீதிபதியின் மன்றத்துக்கு 144 சதுர மீட்டரில் ஒன்று. மற்ற எட்டும் 64 சதுர மீட்டர். நெய்தவர்கள் காசுமீர நெசவாளர்கள். வெறும் கான்கிரீட் சுவர்களில் எதிரொலி தாங்காது. வழக்கறிஞர் பேசுவது நீதிபதிக்குத் தெளிவாகக் கேட்கவேண்டுமானால் ஒலியை வாங்கிக்கொள்ள ஏதாவது வேண்டும். அந்த வேலையைக் கம்பளி செய்தது. நவீனக் கட்டடத்துக்கும் நெசவுக்கும் இருக்கும் உறவு அலங்காரத்தோடு முடிவதில்லை என்பதற்கு இது கண்கூடான சான்று. கட்டடக் கலைஞரின் வீட்டிலேயே தறி வைத்திருந்த மோனிகாவுக்கு இந்த உறவு அன்றாட விஷயம்.

இனி அச்சு. தறியைப் பற்றி அறிந்தவர்களுக்குக்கூட, அச்சை எடுத்துவிட்டு நெய்வது என்றால் முதலில் நம்பிக்கை வராது. அச்சு ஒரு நீண்ட சீப்பு. பல் ஒவ்வொன்றுக்கும் இடையில் பாவு நூல் நுழைந்து வரும். அங்குலத்துக்கு 60 இழை, அகலம் 45 அங்குலம் என்றால் 2,700 நூல்கள். இத்தனையும், நூல்களை ஏற்றி இறக்கும் விழுதிலும் அச்சிலும் வரிசை பிசகாமல் கோக்கப்பட்டாக வேண்டும். கோத்து முடித்தபின் அச்சு இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, பாவு நூல்களைச் சம இடைவெளியில் நிறுத்துவது. மற்றொன்று, நாடா போட்டுவிட்டுப் போன ஊடையை முன்னால் தள்ளி, ஏற்கெனவே நெய்த துணியோடு சேர்த்து அடிப்பது. துணியின் அகலம், நெருக்கம், நேர்த்தன்மை எல்லாம் அச்சின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. சோமனூரிலோ பல்லடத்திலோ வெளுக்காத காடா துணியைப் பிரித்துப் பார்ப்பவர், பாவில் ஒரு நூல் விலகி நீளவாக்கில் கோடு விழுந்திருந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார். மீட்டர் கணக்கில் கழிவு போகும். அச்சுப்பல் ஒன்று வளைந்தாலே இந்தக் கதி.

மோனிகா கொரியா அந்த விலகலைத் தேடிப் போனார். நெசவின் ஒரு கட்டத்தில் அச்சு தறியிலிருந்து நீங்குகிறது. பாவு நூல்கள் நீளவாக்கில் இன்னும் விறைப்பாகத்தான் இருக்கின்றன. ஆனால் பக்கவாட்டில் அவற்றைப் பிடித்து நிறுத்த எதுவுமில்லை. இப்போது ஊடையே அவற்றுக்கு வழிகாட்டுகிறது. ஊடையைச் சற்று இழுத்துப் போட்டால் பாவு நூல்கள் ஒன்றை ஒன்று நெருங்கிக் கற்றையாகும். தளர விட்டால் விலகும். தடித்த கம்பளி நூல் குறுக்கே வந்தால் அதற்கு இடம் கொடுத்து ஒதுங்கும். அடுத்த வரிசை இந்த ஒதுங்கலின் மேல் ஏறி உட்காருவதால் விலகல் இன்னும் வளரும். இப்படி வரிசைக்கு வரிசை சேர்ந்து, நேர்கோடாகக் கிளம்பிய நூல் வளைந்து, சாய்ந்து, மீண்டும் திரும்புகிறது. ஊடையை அடித்துச் சேர்க்கும் சட்டமும் இல்லாததால் அந்த வேலையும் கைக்கு வருகிறது. எங்கே நெருக்குவது, எங்கே விடுவது என்பதை ஒவ்வொரு வரிசையிலும் கை முடிவெடுக்க வேண்டும். அச்சு இருக்கும்போது ஒரு பிழையை அடுத்த அடி சரிசெய்துவிடும். அச்சு போனபின் பிழையும் வடிவத்தில் சேர்ந்துவிடும். பிழையை அடுத்த வரிசையில் என்ன செய்வது என்று தெரிந்தவர்தான் இப்படி நெய்யமுடியும்.

கண்டிப்பான பொருளில் பார்த்தால் இதைப் பழைய டேபஸ்ட்ரி என்று சொல்லமுடியாது. அங்கே பாவு மறைந்திருக்கும். இங்கே பாவுதான் முதன்மை. நெசவில் எப்போதும் உழைத்துக்கொண்டு கண்ணில் படாமல் இருந்த நூலுக்கு அவர் முன்வரிசை கொடுத்தார். 2013இல் மும்பையின் ஜவேரி கண்டெம்பரரி கலைக்கூடத்தில் நடந்த அவரது தனிக் கண்காட்சிக்கு, அலைந்து திரியும் பாவு என்ற பொருளிலேயே தலைப்பு அமைந்தது.

இம்முறையில் வரைபடத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு அப்படியே நெய்வதற்கு வழியில்லை. மனத்தில் ஒரு திட்டம் இருக்கும். தறி அதைத் திருத்திக்கொண்டே போகும். கோபெலின் ஏற்பாட்டுக்கு நேர் எதிர் இது. ஓவியர் ஒரு பக்கம், நெசவாளர் மறுபக்கம் என்று பிரிக்க இடமே இல்லை. மோனிகா கொரியாவின் உண்மையான சாதனை இங்கே இருக்கிறது. தறிக்கு வெளியே வரைந்து முடிக்கமுடியாத ஒரு கோட்டை அவர் தறியிலிருந்து பெற்றார்.

அவர் கையாண்ட பொருள்கள் எளிமையானவை. வெளுக்காத பருத்தி நூல், சாயமேற்றிய கம்பளி, இவையே அடிப்படை. பருத்திப் பாவு இழுவையைத் தாங்கும். அதன் காடா நிறம் பின்னணியாக நிற்கும். கம்பளி மடங்கிக் கொடுக்கும், சாயத்தை ஆழமாக வாங்கும், சற்றே சிலிர்த்து நிற்கும். இரண்டும் ஒரே பரப்பில் வரும்போது வெளிச்சம் ஒன்றில் தங்குகிறது, மற்றொன்றில் வழுக்குகிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்கும் கண் ஸ்ட்ரெங்கலிடமிருந்து வந்தது என்று துணிந்து சொல்லலாம். ஜரிகையும் பட்டும் இந்திய நெசவின் பெருமை என்று சொல்லிப் பழகிய நாட்டில், காடா நூலைக் கொண்டு கலை செய்தது துணிச்சலான தேர்வு.

அவருக்குத் தூண்டுதல் தந்தவை இயற்கையின் வடிவங்கள்: ஆலமரம், நீர், இரவு. விழுதுகள் இறங்கி வேரூன்றிப் பின்னும் ஆலமரத்தை, அச்சின் பிடியிலிருந்து விடுபட்ட பாவு நூல்களைப் போலப் பொருத்தமாகக் காட்டக்கூடிய ஊடகம் வேறு இருக்கிறதா என்பது ஐயம். படைப்புகளின் பெயர்களும் கவனிக்கத்தக்கவை. 1972இல் நெய்த ஒன்றுக்கு ஆதிப் பாவம் என்று பொருள்படும் பெயர். 1974இல் நெய்தது, இன்றிரவு நிலவில்லை என்ற பொருள் தரும் தலைப்புடையது. உருவங்களை வரைந்து காட்டாமல், நூலின் நெருக்கமும் விலகலும் மட்டுமே கொண்டு ஒரு மனநிலையைச் சொல்லும் முயற்சிகள் இவை. கணவரின் கட்டடங்களோடும் இவற்றுக்கு உறவு உண்டு. சார்லஸ் கொரியா வானத்துக்குத் திறந்த முற்றங்களையும், காற்றும் வெயிலும் புகுந்து வெளியேறும் இடைவெளிகளையும் கட்டடத்தின் உயிராகக் கருதினார். சபர்மதி ஆசிரமத்தில் 1963இல் முடிந்த காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் சுவரும் திறப்பும் மாறி மாறி வருவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் சுவரில் திறந்த இடைவெளியை மோனிகா துணியில் திறந்தார். பாவு விலகிய இடத்தில் ஒளி ஊடுருவுகிறது. 

அங்கீகாரம் தாமதமாக வந்தது. 1970களில் நெய்தவை பல பத்தாண்டுகளுக்குப் பிறகே உலகக் கலை அருங்காட்சியகங்களின் கண்ணில் பட்டன. இன்று ஆதிப் பாவம் நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்திலும், நிலவில்லாத இரவு அதே நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் உள்ளன. ஆனி ஆல்பர்சுக்கு 1949இல் கதவு திறந்த அதே நிறுவனத்தில் இப்போது ஓர் இந்திய நெசவாளரின் காடா நூலும் இருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் தரக்குறைவு இல்லை. துணி என்றால் கைவினை, பெண் நெய்தால் பொழுதுபோக்கு என்ற பழைய கணக்கு எளிதில் மாறவில்லை.

தறியில் இருவர் கூடிச் சிந்திக்கும் வழியும் உண்டு. தென்னிந்தியாவில் ஓவியரும் நெசவாளரும் கூடிச் செய்யும் டேபஸ்ட்ரிக்கு ஓவியர் எஸ்.ஜி. வாசுதேவின் பணி சிறந்த உதாரணம். 1941இல் மைசூரில் பிறந்து, சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்து, சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் வாழ்ந்து, பின்னர் பெங்களூரில் குடியேறியவர் அவர். சோழமண்டலத்தின் தொடக்கமே துணியோடு சேர்ந்தது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் பாத்திக் துணிகளை விற்ற பணம்தான் 1966இல் அந்தக் கிராமம் உருவாக உதவியது. வாசுதேவின் ஓவியங்களை நெசவாளர் சுப்பராயலு பட்டு நூலில் டேபஸ்ட்ரிகளாக நெய்கிறார். இது மோனிகா கொரியாவின் வழியிலிருந்து வேறானது. வடிவம் ஓவியரிடமிருந்தே வருகிறது. ஆனாலும் தூரிகையின் கீற்றைப் பட்டில் எப்படிக் கொண்டுவருவது, எந்த இரண்டு நிறங்களை ஒன்றாக முறுக்கினால் மூன்றாவது சாயல் கிடைக்கும் என்ற முடிவுகள் தறியில் எடுக்கப்படுகின்றன. இந்தக் கூட்டுறவில் சுப்பராயலுவின் பெயர் வாசுதேவின் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. சண்டிகர் நீதிமன்றத்துக்கு நெய்த காசுமீர நெசவாளர்களுக்குக் கிடைக்காத மரியாதை அது.